நீலப் பூவில் பூண்டு வாசம்

நாற்றுப் பண்ணைக்குப் புதிதாக வேலைக்கு வந்திருக்கும் பிள்ளைகளே, உங்கள் மேல் எனக்கு ஒரே ஒரு குறைதான். உங்களுக்குப் பயம் போதாது. மருந்து அடிக்கும்போது கட்டிக்கொள்ள முகமூடி கொடுத்திருக்கிறார்கள். அது ஆணியில் தொங்கி ஓய்வெடுக்கிறது. கையுறைக்குள் ஒருவர் வெற்றிலை பாக்கு பத்திரப்படுத்தி வைத்திருந்ததை என் கண்ணாலேயே பார்த்தேன். கேட்டால் சிரிக்கிறீர்கள். "மேரியம்மாவுக்கு எதைக் கண்டாலும் பயம்" என்று என் முதுகுக்குப் பின்னால் பேசிக்கொள்வதும் காதில் விழத்தான் செய்கிறது. பேசுங்கள். நான் பயந்தவள்தான். அந்தப் பயம் எங்கிருந்து வந்தது என்று மட்டும் தெரிந்துகொண்டு பேசுங்கள்.

அறுபதுகளின் தொடக்கம். ஓமலூருக்கும் சேலத்துக்கும் நடுவில், ரோட்டை ஒட்டி எங்கள் முதலாளியின் நாற்றுப் பண்ணை இருந்தது. பதியம் போடுவது, கிளை நறுக்கிப் போத்து நடுவது, சட்டி மாற்றுவது எல்லாம் என் பொறுப்பு. ஏற்காட்டு மலையில் ஒரு காப்பித் தோட்டத்துப் பங்களாவிலிருந்து முதலாளி நீல டெய்சிக் கொழுந்துகளை ஈரச் சாக்கில் சுற்றிக் கொண்டுவந்து என்னிடம் கொடுத்தார். நம் ஊர்ச் சனங்கள் அதை நீலச் சாமந்தி என்றார்கள். சாமந்தியைவிடச் சின்னது. நடுவில் மஞ்சள் பொட்டு, சுற்றிலும் துவைத்து உலர்த்திய வானம் போல ஒரு நீலம். குளிர்ந்த இடத்துச் செடி. நம் சித்திரை வெயிலில் நிற்காது. அதை எப்படி நிழல் கட்டிக் காப்பாற்றினேன், ஆற்றுமணலில் எப்படி வேர் பிடிக்கவைத்தேன் என்பதெல்லாம் உங்களுக்குத் தெரிந்த வேலை. அதை விட்டுவிடுகிறேன். தை மாதத்தில் சட்டிகளும் நிறைந்து, பம்புசெட்டுச் சுவருக்குக் கிழக்கே ஒரு பாத்தி முழுக்கப் பூத்து நின்றது என்று மட்டும் தெரிந்தால் போதும்.

மாதாவுக்கு நீலம் உகந்த நிறம். பிப்ரவரியில் லூர்து மாதா திருநாள். சேலத்தில் எங்கள் பங்குக் கோயில் கன்னியர்களுக்கு நீலப் பூ செய்தி எப்படியோ எட்டிவிட்டது. "மேரி, இந்த வருஷம் நற்கருணைப் பவனிக்குக் குழந்தைங்க கூடையில அந்தப் பூதான்" என்று மருந்தகத்துச் சிஸ்டர் சொல்லிவிட்டார். வெயில் தாழ்ந்தால் அந்தப் பூ இதழைச் சுருட்டிக்கொள்ளும். அதனால் பொழுது சாய்வதற்கு முன்பே பவனியை நடத்துவதென்று பங்குச் சாமியாரும் ஒத்துக்கொண்டார். எங்கள் கோயில் வழக்கத்தில், வெள்ளை கவுன் போட்ட சிறுமிகள் நற்கருணைக்கு, அதாவது சாமியார் ஏந்திவரும் திவ்ய அப்பத்துக்கு, முன்னால் நடப்பார்கள். கூடையிலிருந்து ஒரு பூவை எடுப்பார்கள், உதட்டில் வைத்து முத்தமிடுவார்கள், பிறகு தூவுவார்கள். அந்த வருடம் என் மகள் ஜெசிந்தாவும் கூடை பிடித்தாள். ஒரு வாரமாக வீட்டில் வேப்பிலையைக் கிண்ணத்தில் போட்டுவைத்து, முத்தமிட்டுத் தூவிப் பழகிக்கொண்டிருந்தாள்.

பண்ணையில் எனக்குத் துணை பழனியண்ணன். ஓமலூர்ப் பக்கத்து மனிதர். மாட்டு வண்டி, தண்ணீர் கட்டுவது, மண் கலப்பது எல்லாம் அவர் கையில். அதிர்ந்து பேசமாட்டார். அவர் மனைவி பிரசவத்துக்குத் தாய்வீடு போயிருந்தாள். திருநாளுக்கு முந்தின நாள், கோயிலில் தோரணம் கட்டக் கூப்பிட்டார்கள் என்று நான் மதியமே கிளம்பினேன். பாத்தியில் அசுவினி தலைகாட்டியிருந்தது. அந்தச் சின்னப் பச்சைப் பூச்சி மொட்டின் கழுத்தில் அப்பிக்கொள்ளும். நாங்கள் அதற்குப் புகையிலைத் தண்ணீர்தான் தெளிப்பது வழக்கம்.

"நீங்க போயிட்டு வாங்கம்மா. நான் பாத்துக்கறனுங்க" என்றார் பழனியண்ணன். "பூவையும் நானே பறிச்சு வெடியால பஸ்ஸுல ஏத்தி உட்டுடறேன். சட்டிங்கள வண்டியில போட்டு நானே கொண்டாரேன்."

சொன்னபடியே மறுநாள் காலையில் ஈரச் சாக்கில் பூ வந்து சேர்ந்தது. நான் ஏணி மேல் நின்று தோரணம் கட்டிக்கொண்டிருந்தேன். சாக்கை வாங்கியது கன்னியர்கள். கோயில் முழுக்க மல்லிகையும் சாம்பிராணியும் மணத்துக்கொண்டிருந்தன. யார் மூக்குக்கும் வேறு எதுவும் எட்டவில்லை.

ஆனால் சட்டிகள் வரவில்லை. மதியம் தாண்டியும் வண்டியைக் காணோம். பலிபீடத்துக்கு முன்னால் இடம் வெறுமையாகக் கிடந்தது. மாடு முரண்டு பிடிக்கிறதோ, அச்சு முறிந்ததோ என்று எரிச்சலோடு பஸ் ஏறிப் பண்ணைக்குப் போனேன்.

வண்டியில் பாதிச் சட்டிகள் ஏற்றியிருந்தன. மாடுகள் மரத்தடியில் கட்டியபடியே நின்றன. சக்கரத்தில் சாய்ந்து பழனியண்ணன் உட்கார்ந்திருந்தார். கிட்டப் போனதும் பூண்டு வாசம் அடித்தது.

"என்ன அண்ணா, நாங்க அங்க காத்துக் கெடக்கறோம், நீங்க இங்க பூண்டு உரிச்சு ரசம் வெக்கறீங்களா?" என்று கேலியாகத்தான் கேட்டேன்.

அவர் நிமிர்ந்து பார்த்தார். சட்டை முழுக்க வியர்வையில் நனைந்திருந்தது. வாயோரத்தில் எச்சில் வழிந்துகொண்டே இருந்தது. துடைக்கத் துடைக்க வழிந்தது. கண்மணி இரண்டும் கடுகாகச் சுருங்கியிருந்தன.

"தலை வெடிக்குதுங்கம்மா. கண்ணு மசமசன்னு இருக்குது. நீங்க நிக்கறதே சரியாத் தெரியலீங்க."

பருத்திக்கு அடிப்பதற்கென்று அப்போது ஒரு புது மருந்து வந்திருந்தது. பூண்டு நாறும். பக்கத்துத் தோட்டத்தில் அதை அடித்த வரப்பில் புல் மேய்ந்த ஆடு இதே போல எச்சில் ஒழுக நின்று, பிறகு விழுந்து காலை உதறிச் செத்ததை நான் பார்த்திருந்தேன்.

"அண்ணா, என்ன அடிச்சீங்க?"

"புகையிலத் தண்ணிக்கு அந்தப் பூச்சி அசையவே இல்லீங்க. பருத்திக்காட்டுல கேட்டு அந்த மருந்து கொஞ்சம் வாங்கியாந்தனுங்க. நேத்துப் பொழுதோட ஒருக்கா அடிச்சேன். வெடியால பாத்தா இன்னும் ரெண்டு ஊருது. மறுக்காவும் அடிச்சனுங்க."

"எதுல அடிச்சீங்க? பறிச்சு அனுப்புன பூவுலயா?"

"அதுலதானுங்க. சாமிக்குப் போற பூவு. பூச்சி இருக்கலாமுங்களா?"

"அண்ணா, அந்தப் பூவக் குழந்தைங்க வாயில வெப்பாங்க. முத்தம் குடுத்துட்டுத்தான் தூவுவாங்க."

அவருக்கு முதலில் விளங்கவில்லை. "வாயிலயா? சாமிக்குப் போற பூவ யாருங்க வாயில வெப்பாங்க? மோந்துகூடப் பாக்கக் கூடாதுங்களே" என்றார். அவர் கோயிலில் அதுதான் முறை. ஆண்டவனுக்கென்று பறித்த பூவை மூக்குக்கிட்டக் கொண்டுபோனாலே எச்சில் பட்ட மாதிரி. அதனால் அந்தப் பூ ஒரு மனிதர் முகத்துக்குப் பக்கத்தில் போகும் என்று அவர் கனவிலும் நினைக்கவில்லை. கையிலிருந்து நேராகச் சாமியின் காலடிக்குப் போகும் என்றே நினைத்திருக்கிறார். விளங்கியதும் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு எழப் பார்த்தார். கால் நிற்கவில்லை.

"நீங்க ஓடுங்கம்மா. என்னைய உடுங்க. கொழந்தைங்களப் பாருங்க, ஓடுங்க."

எப்படி விட்டுவிட்டு ஓடுவது? ஒரு பக்கம் கண்ணெதிரே உயிருக்குத் தவிக்கும் மனிதர். இன்னொரு பக்கம் அங்கே கூடை பிடித்து நிற்கும் பிள்ளைகள், அதில் என் பிள்ளையும் ஒன்று. அவர் சட்டையைக் கிழித்துக் கழற்றி, மாட்டுத் தொட்டித் தண்ணீரை மொண்டு மொண்டு அவர் மேல் ஊற்றினேன். பம்புசெட்டு மூலையில் மண்டையோட்டுப் படம் போட்ட டப்பா கிடந்தது. அதைச் சாக்குத் துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டு ரோட்டுக்கு ஓடி, நடுவில் நின்று கையை விரித்தேன்.

சேலம் போகும் தேங்காய் லாரி ஒன்று என் மேல் ஏறாத குறையாக நின்றது. டிரைவர் திட்ட வாயைத் திறந்தவர், என் முகத்தைப் பார்த்ததும் இறங்கிவிட்டார். நாமக்கல்காரர். "ஏனுங்கம்மா, என்னாச்சுங்க?" என்று கேட்டபடியே ஓடி வந்தார். அவரும் தலை நரைத்த கிளீனரும் சேர்ந்து பழனியண்ணனைத் தூக்கி முன்னால் உட்காரவைத்தார்கள்.

லாரி பறந்தது. எனக்கு அது நகராத மாதிரியே இருந்தது. எங்கள் கோயில் சந்து முதலில் வரும். பெரிய ஆஸ்பத்திரி அதையும் தாண்டி ஊருக்குள். நான் அண்ணனோடு போனால் குழந்தைகளுக்கு யார் சொல்வது? நான் இறங்கிவிட்டால் ஆஸ்பத்திரியில் இவருக்காக யார் பேசுவது? அவரோ பேசும் நிலையில் இல்லை. மூச்சு கரகரவென்று இழுத்தது. என் கையைப் பிடித்திருந்த பிடி தளர்ந்துகொண்டே வந்தது.

சந்து முனையில் லாரியை நிறுத்தச் சொன்னேன்.

"அங்க போயி டாக்டருகிட்ட என்னன்னு சொல்லறதுங்க? எங்களுக்கு ஒண்ணுமே தெரியாதுங்களே" என்று டிரைவர் பதறினார்.

"ஒண்ணும் சொல்ல வேண்டாங்க. இந்த டப்பாவ டாக்டர் கண்ணுக்கு முன்னால வைங்க. இத அடிக்கறப்ப இவரு மேல பட்டிருச்சு, இதையே குழந்தைங்களும் வாயில வெச்சிருக்காங்க, பின்னாலயே வாராங்கன்னு சொல்லுங்க. அது போதும். டப்பாவத் தொட்ட கைய உடனே கழுவிருங்க."

பழனியண்ணன் கையை என் கையிலிருந்து நானேதான் பிரித்தேன். பிரித்துவிட்டு இறங்கினேன். அவரை உயிரோடு மறுபடி பார்ப்பேன் என்ற நம்பிக்கை எனக்கு இல்லை. அதைச் சொல்லாமல் மறைத்து என்ன ஆகப்போகிறது?

கோயில் வளாகத்துக்குள் நுழைந்தபோது பவனி தொடங்கிப் பாதி தூரம் வந்திருந்தது. துணிப் பந்தல் போன்ற மேற்கட்டியின் கீழ்ப் பங்குச் சாமியார் நற்கருணை வைத்த கதிர்ப்பாத்திரத்தை ஏந்தி வந்தார். சனங்கள் பாடிக்கொண்டு நடந்தார்கள். முன்னால் வெள்ளை வெள்ளையாகச் சிறுமிகள். தரையெல்லாம் நீலப் பூ. ஜெசிந்தா ஒரு பூவை எடுத்து, கண்ணை மூடி, உதட்டில் நன்றாக அழுத்தி முத்தமிட்டுத் தூவினாள்.

கத்தத்தான் வாய் வந்தது. விஷம் என்று அலறத்தான் நெஞ்சு துடித்தது. பிள்ளைகளே, இந்த இடத்தைக் கொஞ்சம் கவனியுங்கள். அந்த ஒரு சொல்லை நான் கத்தியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? அத்தனை சனமும் ஒரே நேரத்தில் குழந்தைகளை நோக்கிப் பாய்ந்திருக்கும். மிதிபட்டிருப்பார்கள். மிரண்ட குழந்தை என்ன செய்யும்? அழும். அழுகிற குழந்தை கையால் கண்ணைக் கசக்கும், விரலை வாயில் வைக்கும். மருந்து இருந்ததோ அந்தக் கையில்தான். பயம் எனக்கு நிறையவே இருந்தது. ஆனால் அதை அவர்களுக்குப் பங்குவைத்தால் காரியம் கெட்டுவிடும் என்று தோன்றியது.

சாமியாருக்குத் துணையாக வரும் உபதேசியார் கையில் மணி இருந்தது. எங்கள் வழக்கத்தில் நற்கருணைக்கு முன்னால் அந்த மணி அடித்தால் யாராக இருந்தாலும் இருந்த இடத்தில் மண்டியிட வேண்டும். கையில் இருப்பதைக் கீழே வைத்துவிட்டுக் கை குவிக்க வேண்டும். பால் குடிக்கும் பிள்ளைக்கும் தாய் அதைப் பழக்கியிருப்பாள். நான் ஓடிப்போய் உபதேசியார் கையிலிருந்து மணியைப் பிடுங்கி அடித்தேன். ஓங்கி அடித்தேன்.

பாட்டு நின்றது. கூட்டம் முழுவதும் மண்டியிட்டது. சிறுமிகள் கூடைகளைத் தரையில் வைத்து, நெஞ்சுக்கு நேரே கை குவித்தார்கள். நிற்பது சாமியாரும் நானும் மட்டும். நற்கருணையை ஏந்தியவர் பேசவும் முடியாமல், நகரவும் முடியாமல் என்னை முறைத்த முறைப்பு இன்னும் என் கண்ணில் நிற்கிறது. மருந்தகத்துச் சிஸ்டர் காதில் குனிந்து சொன்னேன். அவர் முகம் வெளுத்தது. குரல் மட்டும் மாறவில்லை.

"குழந்தைங்களா, கூடைய எடுக்க வேண்டாம். குவிச்ச கையப் பிரிக்காம அப்படியே எழுந்து என் பின்னால வாங்க. யாரு கடைசிவரைக்கும் கையப் பிரிக்காம வாராங்கன்னு மாதா பாத்துக்கிட்டு இருக்காங்க."

ஒரு கையும் பிரியவில்லை, ஒரு விரலும் வாய்க்குப் போகவில்லை. அப்படியே பவனியாகக் கிணற்றடிக்கு வந்தார்கள். சோப்புப் போட்டுக் கையும் முகமும் கழுவி, வாய் கொப்பளிக்கவைத்து, கவுனைக் கழற்றித் தூர எறிந்தோம். பின்னாலேயே வந்த தாய்மார்கள், ஏன் என்னவென்று பிடித்து உலுக்கினார்கள். நான் அடுத்த குழந்தையின் கையைக் கழுவிக்கொண்டிருந்தேன். சிஸ்டர் ஒவ்வொரு குழந்தையையும் வெளிச்சத்தில் நிறுத்திக் கண்மணியைப் பார்த்தார்.

ஜெசிந்தாவின் முறை வந்தது. "எத்தன பூவுக்கு முத்தம் குடுத்த, கண்ணு?" என்று சிஸ்டர் கேட்டார்.

"எல்லாத்துக்கும் சிஸ்டர். எல்லாரையும் விட நாந்தான் அதிகம்" என்று என் மகள் பெருமையாகச் சொன்னாள். சொல்லிவிட்டு, "அம்மா, வயிறு வலிக்குது" என்று குனிந்து வாந்தி எடுத்தாள். சிஸ்டர் அவள் கண்ணைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். அவள் கண்மணியும் கடுகாகச் சுருங்கியிருந்தது.

மற்றப் பிள்ளைகளுக்கு ஒன்றும் இல்லை; அவளையும், அதே போலக் கண்மணி சுருங்கியிருந்த, கூட்டத்திலேயே சின்னவளான இன்னொரு குழந்தையையும் சாமியாரின் காரில் தூக்கிப் போட்டுக்கொண்டு பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனோம். சின்னவளின் அப்பா மில்லில் வேலை பார்ப்பவர், கோபக்காரர். மகளை மடியில் வைத்துக்கொண்டு வழி முழுக்க என்னிடம் கேட்டுக்கொண்டே வந்தார்: "யாரு அடிச்சது? அவன் பேரச் சொல்லு." நான் என் மகளின் வாயோரத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தேன். துடைக்கத் துடைக்க எச்சில் வந்தது. பழனியண்ணன் முகமும் அந்த ஆட்டின் முகமும் மாறி மாறிக் கண்ணில் வந்தன.

ஆஸ்பத்திரி வாசலில் நர்ஸ் ஒருவர் எங்களுக்காகக் காத்து நின்றார். மேசை மேல் சாக்குத் துண்டு விரித்து அந்த டப்பா இருந்தது. டாக்டர் அதைப் படித்து, அதற்குரிய ஊசி மருந்தை எடுத்துத் தயாராக வைத்திருந்தார். எங்களை ஒரு கேள்வியும் கேட்கவில்லை. குழந்தைகளைப் படுக்கவைத்த கையோடு ஊசி ஏறிவிட்டது. லாரிக்காரர்கள் சொல்ல வேண்டியதைச் சொல்லி, கை கழுவிவிட்டு, பேர்கூடச் சொல்லாமல் போயிருந்தார்கள். நான் சாகவிட்டுவிட்டேன் என்று நினைத்த மனிதர்தான் என் மகளுக்கான வைத்தியத்தை முன்கூட்டியே கொண்டுபோய்ச் சேர்த்திருக்கிறார்.

மறுநாள் காலையில் குழந்தைகள் இரண்டும் கண் விழித்துப் பால் கேட்டன. நான் சுவரைப் பிடித்துக்கொண்டு அழுதேன். பழனியண்ணன் அடுத்த வார்டில் இருந்தார். உயிர் தங்கிவிட்டது, ஆனால் கை தூக்கவும் தெம்பில்லை.

பயம் அதோடு தீரவில்லை. மருந்து அடித்தவர் அங்கேதான் படுத்திருக்கிறார் என்று தெரிந்து, வராந்தாவில் எங்கள் பங்கு ஆண்கள் கூடி நின்றார்கள். நடுவில் சின்னவளின் அப்பா. "நம்ம கோயிலுப் பூவுல வேணும்னே கலந்திருக்கான். உள்ள போயிக் கேப்போம் வாங்க" என்று ஒருவர் சொல்ல, மற்றவர்கள் தலையாட்டினார்கள். முந்தின நாள் மருந்துக்குப் பயந்தேன். அன்று மனிதர்களுக்குப் பயந்தேன். "நான் மொதல்ல பாத்துட்டு வாரேன்" என்று சொல்லி, அவர்களை முந்திக்கொண்டு உள்ளே போனேன்.

பழனியண்ணன் என்னைக் கண்டதும் எழ முயன்றார். "கொழந்தைங்க?"

"பொழச்சுக்கிட்டாங்க அண்ணா. எல்லாரும் நல்லா இருக்காங்க."

கண்ணை மூடிக்கொண்டார். கண்ணோரத்தில் நீர் வழிந்தது. பிறகு, "ஏனுங்கம்மா, ஒண்ணு கேக்கலாமுங்களா? சாமிக்குப் போற பூவுக்கு எதுக்குங்க முத்தம் குடுக்கறாங்க?" என்றார்.

பிறந்ததிலிருந்து பார்த்த வழக்கம். ஏன் என்று நான் யோசித்ததே இல்லை. "ஒரு பிரியந்தான் அண்ணா. வேற என்ன?" என்றேன்.

"நானும் அதுக்குத்தானுங்க அடிச்சேன்" என்றார்.

பிள்ளைகளே, அந்தச் சம்பவத்துக்குப் பிறகு நான் ஒரு செடியையும் விசாரிக்காமல் வெளியே அனுப்பியதில்லை. இந்தப் பூ எங்கே போகிறது, யார் கைக்குப் போகிறது, அவர்கள் அதை என்ன செய்வார்கள், தலையில் வைப்பார்களா, முகர்வார்களா, வாயில் வைப்பார்களா என்று கேட்பேன். வாங்க வந்தவர்கள் எரிச்சல்பட்டாலும் கேட்பேன். நம் வழக்கம்தான் ஊர் வழக்கம் என்று நினைத்து ஒருநாளும் மருந்தைக் கையில் எடுக்காதீர்கள். பயப்படுங்கள். பயந்துகொண்டே வேலையைச் செய்யுங்கள்.

அன்று வார்டிலிருந்து நான் வராந்தாவுக்கு வந்தேன். ஆண்கள் என் முகத்தையே பார்த்தார்கள். "ஏன் அடிச்சானாம்?" என்று சின்னவளின் அப்பா கேட்டார். நானாக ஒரு சொல்லும் சேர்க்கவில்லை. சாமிக்குப் போகும் பூவில் பூச்சி இருக்கலாமா என்று அவர் வண்டியடியில் சொன்னதையும், எதற்கு முத்தம் கொடுக்கிறார்கள் என்று அவர் கேட்டதையும், நான் சொன்ன பதிலையும், அதற்கு அவர் சொன்னதையும் அப்படியே சொன்னேன்.

ஒவ்வொருவராகப் படி இறங்கிப் போனார்கள். சின்னவளின் அப்பா மட்டும் நின்றார். வார்டுப் பக்கம் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தவர், "அவரு சம்சாரம் ஊருல இல்லேன்னாங்களே. கஞ்சி யாரு கொண்டாந்து குடுக்கறாங்க?" என்று கேட்டார்.

யாருமில்லை என்றேன். கையிலிருந்த தூக்குச்சட்டியை என்னிடம் நீட்டினார். மகளுக்கென்று வீட்டிலிருந்து கொண்டுவந்த கஞ்சி அது. மூடியைத் தொட்டபோது இன்னும் சூடாக இருந்தது.